வெயிலில் கிடக்கும் பலகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மொட்டை மாடித் தளங்களைப் பற்றி எழுதும்போது, மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து செய்யும் காம்போசிட் பலகையைப் பற்றி நாலு வரி சேர்த்திருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் என் மேசை முழுவதும். நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் முப்பது ஆண்டுகளாக வீட்டு வேலை எடுத்துச் செய்கிறேன். அப்பா மர ஆசாரி. இந்தப் பலகையில் நான் போட்ட தளங்களில் இன்றும் நன்றாக இருப்பவை உண்டு. பிரித்து மறுபடியும் போட்டவையும் உண்டு. அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

குளச்சலிலிருந்து ஒரு வாசகி: கடலிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். மகன் வளைகுடாவில் இருக்கிறான். அடுத்த விடுமுறைக்கு வருவதற்குள் வீட்டின் முன்பக்கம் இருபதுக்குப் பன்னிரண்டு அடியில் டெக், அதாவது சட்டத்தின்மேல் பலகை பரப்பிய தளம், போட்டுவிட வேண்டும் என்கிறான். என் வீட்டுக்காரர் அயனிப் பலகை போடலாம் என்கிறார். கடைக்காரரோ, "காம்போசிட் போடுங்கள், 25 வருஷம் தொடவே வேண்டாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அம்மா, அயனி நம் மண்ணின் மரம். வள்ளத்துக்கும் கதவுக்கும் நம் முன்னோர் அதைத்தான் நம்பினார்கள். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்த முறை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். அங்கே இருக்கும் மரவேலையில் பெரும்பகுதி, தாழச் சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரைக்கு உள்ளேதான் இருக்கிறது. மழைத் தண்ணீர் மரத்தைத் தொடாமல் தள்ளிப் போய் விழும்படி கட்டியிருக்கிறார்கள். நீங்கள் கேட்கும் டெக் கூரைக்கு வெளியே, திறந்த வானத்தின் கீழ் கிடக்கப் போகிற தளம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கிற மாவட்டம் நம்முடையது. நடுவில் மாசி, பங்குனி, சித்திரை வெயில் வேறு. அப்படிப்பட்ட இடத்தில் எந்த மரமானாலும் ஆண்டுதோறும் எண்ணெய் பூச வேண்டும், தேய்க்க வேண்டும், வெடித்த பலகையை மாற்ற வேண்டும். கூரைக்குக் கீழ் என்றால் அயனி போடுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். வெயில் நேரே விழும் இடத்துக்குக் காம்போசிட்டே சரி.

இனி கடைக்காரர் சொன்ன "தொடவே வேண்டாம்". பலகைக்கு எண்ணெய் வேண்டாம், வார்னிஷ் வேண்டாம், அது உண்மை. கழுவ வேண்டும், அதை அவர் சொல்லவில்லை. பலகைக்கு அடியில் என்ன இருக்கப் போகிறது என்பதையும் சொல்லவில்லை. கடலோர வீட்டில் முதலில் கெடுவது அந்த அடிச்சட்டமும் அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளும்தான்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் வேறு ஒருவர் போட்ட டெக்கைப் பார்க்க ஒருமுறை கூப்பிட்டார்கள். மூன்று வயதுகூட ஆகாத தளம். மேலே பலகை புதிதுபோல் இருந்தது. நடந்தால் மட்டும் ஒரு மூலை ஆடியது. ஒரு பலகையைத் தூக்கினோம். பலகையைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பை இறுக்கியிருந்த திருகாணியின் தலையை நான் பெருவிரலால் அழுத்தினேன். துருப்பிடித்துப் பருப்பு மாதிரி உதிர்ந்து விரலில் செம்பொடியாக ஒட்டியது. அடியில் இருந்தது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்ச் சட்டம். குழாயின் உடலில் பூச்சு அப்படியே இருந்தது. வெட்டிய முனைகளிலும் வெல்டிங் வைத்த இடங்களிலும் மட்டும் துரு தின்று ஓட்டை விழுந்திருந்தது. வெட்டும்போதும் சூடாக்கும்போதும் அந்தப் பூச்சு போய்விடுகிறது. உப்புக் காற்று அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: அடிச்சட்டம் அலுமினியத்தில் இருக்கட்டும். ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும். ஆகவே சட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் பிளாஸ்டிக் தகடு வையுங்கள். கிளிப், திருகாணி எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். கடையில் பொதுவாகக் கிடைப்பது 304. 316-இல் மாலிப்டினம் என்ற உலோகம் இரண்டு மூன்று சதவீதம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும் பலம் அதற்கு அதிகம். காந்தத்தை வைத்துப் பார்த்தால் சாதா இரும்பு ஒட்டிக்கொள்ளும். ஆனால் 304-ஐயும் 316-ஐயும் காந்தம் பிரித்துக் காட்டாது. பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். பலகை விலையில் பேரம் பேசுங்கள், திருகாணியில் மட்டும் பேசாதீர்கள் அம்மா.

உத்தரவாதச் சீட்டையும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது மக்குவதற்கும் சிதல் (கரையான்) அரிப்பதற்கும் பொறுப்பேற்கும். தவறாகப் பதித்ததால் வரும் கேட்டுக்குப் பொறுப்பேற்காது.

மார்த்தாண்டம் வாசகர்: ஐயா, தை மாதம் காம்போசிட் தளம் போட்டோம். இடைவெளியே இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தது. சித்திரையில் நடுவில் இரண்டு வரிசை கூடாரம்போல எழும்பிவிட்டது. போட்டவர், "பலகை மட்ட ரகம்" என்கிறார். விற்றவர், "போட்டது சரியில்லை" என்கிறார்.

உங்கள் கடிதத்தில் "இடைவெளியே இல்லாமல்" என்று எழுதியிருக்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது.

மரம் ஈரத்துக்குப் பருக்கும், அதுவும் அகலத்தில்தான். நீளத்தில் அது அசைவது கண்ணுக்கே தெரியாது. தச்சுவேலையில் தலைமுறை தலைமுறையாக நாம் கற்ற கணக்கெல்லாம் இதை வைத்துத்தான். காம்போசிட் பலகையோ வெயிலுக்கு நீளத்தில் வளரும். பலகைக்குப் பலகை மாறினாலும், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 0.04 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு ஒன்றுமில்லை போலத் தோன்றும். பன்னிரண்டு அடிப் பலகை 3.66 மீட்டர். விடியற்காலையில் 25 டிகிரியில் கிடந்த பலகை மத்தியானம் 60 டிகிரிக்குப் போகிறது. 35 டிகிரி வித்தியாசத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: 5 மில்லிமீட்டர். இரண்டு பலகைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றால் அந்த 5 மில்லிமீட்டர் எங்கே போகும்? மேலேதான் போகும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. 2015 டிசம்பரில் முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் என் முதல் காம்போசிட் தளத்தைப் போட்டேன். காலை ஏழு மணிக்குத் தொடங்குவோம், பனி விலகியிருக்காது. பலகையை மரச்சுத்தியால் தட்டித் தட்டி, காகிதம் நுழையாத அளவுக்கு நெருக்கிச் சேர்த்தோம். வீட்டுக்காரர் கையால் தடவிப் பார்த்துப் பாராட்டினார். ஏப்ரலில் போன் வந்தது. போய்ப் பார்த்தால் நடுவரிசை முழுவதும் வரப்புபோல எழும்பி நிற்கிறது. அன்று சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழத் தாழ அடியிலிருந்து டிக், டிக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பலகை சுருங்கச் சுருங்கக் கிளிப்பில் உரசுகிற சத்தம் அது. இருட்டுவதற்குள் வரப்பு பாதி தணிந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் மறுபடியும் எழும்பியது. தவறு என்னுடையது என்று அந்த வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, என் செலவில் ஒவ்வொரு பலகையின் முனையையும் அறுத்து மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

உங்கள் தளத்துக்கும் அதுதான் மருந்து. பலகை அநேகமாக நன்றாகவே இருக்கும், எறிந்துவிட வேண்டாம். போட்டவரிடம் கோபப்படாமல் பேசி இவற்றைச் செய்யச் சொல்லுங்கள். முனைக்கு முனை, வெயில் ஏறாத காலையில் போட்டால் 6 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். பலகை சுட்டுக் கிடக்கும் மத்தியானத்தில் போட்டால் அதில் பாதி போதும், ஏனென்றால் அது ஏற்கெனவே வளர்ந்து நிற்கிறது. சுவர் ஓரத்தில் 10 மில்லிமீட்டர். தயாரித்தவர்கள் கொடுக்கும் தாளில் வேறு அளவு போட்டிருந்தால் அந்த அளவையே பின்பற்றுங்கள். பலகைக்கும் பலகைக்கும் நீளவாட்டில் கிளிப்பே 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி கொடுத்துவிடும். ஒவ்வொரு பலகையையும் அதன் நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அசையாமல் திருகுங்கள். அப்போது வளர்ச்சி இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரியும். இரண்டு முனையையும் இறுக்கித் திருகிய பலகை வளையாமல் வேறு என்ன செய்யும்? இரண்டு முனைகள் சந்திக்கும் இடத்தில் அடியில் ஒரு சட்டம் போதாது. முனைக்கு ஒன்றாக இரண்டு சட்டங்கள் வேண்டும்.

சட்டத்துக்குச் சட்டம் எவ்வளவு தூரம் என்றும் அளந்து பாருங்கள். 400 மில்லிமீட்டர் என்று பல தாள்களில் இருக்கும். பிளாஸ்டிக் சூட்டில் இளகும். நம் வெயிலுக்கு நான் 300 முதல் 350-க்கு மேல் போவதில்லை. பலகையை மூலைவாட்டில் போட்டால் கட்டாயம் 300.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பலகையை லாரியிலிருந்து இறக்கிய அன்றே போடக் கூடாது. போடப்போகும் இடத்திலேயே, நிழலில், சமதரையில் இரண்டு நாள் படுக்க வைக்க வேண்டும். சுவரில் சாய்த்து வைத்த பலகை அந்தச் சாய்வையே பழகிக்கொள்ளும்.

தோவாளை வாசகர்: என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. செருப்பில்லாமல்தான் நடப்பார். இந்தப் பலகை கால் சுடும் என்கிறார்களே?

சுடும். உங்கள் அம்மாவின் காலை நினைத்துக் கேட்டதற்காக உங்களுக்கு முதலில் என் வணக்கம். டெக் போட வருகிறவர்கள் நிறத்தைப் பற்றி ஆயிரம் கேட்பார்கள், காலைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

போன சித்திரையில் என் வீட்டு முற்றத்தில் மூன்று துண்டுப் பலகைகளைப் போட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு வெப்பமானியால் அளந்தேன். காப்பிக்கொட்டை நிறப் பலகை 63 டிகிரி. செம்மரம் போன்ற நிறம் 58. வெளிறிய மணல் நிறம் 51. பக்கத்தில் இருந்த சிமெண்டுத் தரை 53. ஆக, வெளிர் நிறம் எடுத்தால் சிமெண்டைவிட மோசம் இல்லை. அடர் நிறம் எடுத்தால் உச்சி வெயிலில் யாராலும் கால் வைக்க முடியாது. கடை விளக்கு வெளிச்சத்தில் அடர் நிறம்தான் அழகாகத் தெரியும். மாதிரித் துண்டை வாங்கி வந்து, ஒரு நாள் முழுக்க முற்றத்தில் போட்டு, அம்மாவையே தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பலகைக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. கனம் குறைவு, அடியில் காற்று ஓடுகிறது. அதனால் வாங்கிய சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும். அன்று மாலை ஏழு மணிக்குப் பலகையில் வெறுங்காலோடு நின்றேன், சுகமாக இருந்தது. சிமெண்டுத் தரை அப்போதும் வெதுவெதுப்பாகவே இருந்தது.

நிழல் வேண்டுமானால் முடைந்த ஓலைப் பந்தலே போதும். ஆனால் உங்கள் ஊர் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயில் இருக்கிறது. முப்பந்தலில் காற்றாலை சும்மாவா நிற்கிறது? ஆனி, ஆடிக் காற்றுக்குத் தாங்கும்படி பந்தல் கால்களைத் தரையில் தனியே கான்கிரீட் குழி எடுத்து நட வேண்டும். டெக்கின் அலுமினியச் சட்டத்தில் பந்தல் காலைத் திருகிவிடாதீர்கள். பந்தலைப் பிடுங்கும் காற்று தளத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடும்.

கண்ணாடி ஜன்னலோ கண்ணாடிச் சுவரோ டெக்கைப் பார்த்து இருக்கிறதா என்றும் பாருங்கள். சூட்டைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெயில் ஒரே இடத்தில் குவிந்தால், பலகை அந்த இடத்தில் மட்டும் உருகி நெளியும்.

நாகர்கோவில் வாசகர்: மொட்டை மாடியில் போடலாமா?

போடலாம். ஒரு திருகாணிகூட மாடித் தளத்துக்குள் இறங்கக் கூடாது. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சில் ஓட்டை போட்டுச் சட்டத்தை இறுக்கிவிட்டு, ஐப்பசி மழையில் படுக்கையறைக் கூரை ஒழுகுகிறது என்று என்னிடம் வந்தவர்கள் பலர். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் கால்கள் கிடைக்கின்றன. அவற்றின்மேல் சட்டத்தை நிறுத்தினால் போதும், தளத்தின் எடையே தளத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி ஒழுக்கு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாடித் தரையில் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் இருக்க வேண்டும். தண்ணீர் இறங்கும் துளைக்கு மேலே வரும் பலகைகளைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வையுங்கள். அங்கே இலை அடைத்தால் கையை விட்டு எடுக்க வழி வேண்டும்.

திருவட்டாறு வாசகி: மழைக்காலத்தில் பச்சைப் பாசி பிடித்து வழுக்குகிறது. பாசி பிடிக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள்.

பலகையில் ஏறக்குறைய பாதி மரத்தூள் இருக்கும். சில பலகைகளில் உமி. பிளாஸ்டிக் உறை மேலே சுற்றிவரப் போர்த்திய ரகத்தில் பாசி பிடிப்பது குறைவு. உறையில்லாத ரகத்தில் மரத்தூள் வெளியே தெரிவதால் அது பாசிக்குத் தீனி. எந்த ரகமானாலும், மேலே விழுந்த பலா இலையும் தூசியும் ஈரத்தில் மக்கிக் கிடந்தால் பாசி அதில் வளரும். உங்கள் பகுதியில் மழை அதிகம், ரப்பர் மரங்களின் நிழலும் அதிகம். எனவே இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் ஒருமுறை, துலா மழைக்கு (வடகிழக்குப் பருவமழைக்கு) முன் ஒருமுறை, மழை ஓய்ந்து ஒருமுறை கழுவுங்கள். சோப்புத் தண்ணீர், தென்னந்துடைப்பத்தைவிட மென்மையான பிரஷ், பலகையின் வரியோடு தேய்த்தல். கம்பிச் சுருள் வேண்டாம். பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் உறையில்லாத பலகை வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிடும்.

இடுக்கில் சிக்கிய இலையை எடுக்க நான் வைத்திருப்பது பழைய ஈர்க்குச்சிக் கற்றைதான். அடியில் காற்று போனால் பாசி பாதி குறையும். அழகுக்காகச் சுற்றிலும் பலகை வைத்து அடைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு எஃகு வலை அடியுங்கள். கண் சிறிய வலையாக இருந்தால் பாம்பும் எலியும் உள்ளே குடியேறாது. குழந்தைகள் விளையாடும் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ரப்பர் ஊர் என்பதால் இதையும் சொல்கிறேன்: ரப்பர் மிதியடியைப் பலகைமேல் நிரந்தரமாகப் போட்டு வைக்க வேண்டாம். மாதக்கணக்கில் கிடந்தால் அடியில் கறை விழும், அது கழுவினாலும் போகாது. கயிற்று மிதியடி போடுங்கள்.

கொட்டாரம் வாசகர்: சிதல் அரிக்குமா? உள்ளே பொந்துள்ள பலகை விலை குறைவாக இருக்கிறதே, வாங்கலாமா?

பலகையைச் சிதல் தின்னாது. மரத்தூளைப் பிளாஸ்டிக் பொதிந்திருக்கிறது. அடிச்சட்டம் மரத்தில் இருந்தால் சிதல் அதைத் தின்னும். பொந்துள்ள பலகை கூரை போட்ட வராந்தாவுக்குப் பரவாயில்லை. முனை மூடி கழன்றால் உள்ளே தண்ணீர் நிற்கும், கட்டெறும்பு கூடு வைக்கும். திறந்தவெளிக்குப் பொந்தில்லாத நிறை பலகையே வாங்குங்கள். கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும், கனம் கூடுதலாக இருக்கும்.

குழித்துறை வாசகி: கார்த்திகைக்கு டெக் ஓரம் முழுக்க விளக்கு வைக்க வேண்டும் என்று என் மகளுக்கு ஆசை. எதிர்வீட்டில் அவர்கள் டெக்கில்தான் கிறிஸ்துமஸ் புல்கூடு (குடில்) வைப்பார்கள், மெழுகுதிரியோடு. வைக்கலாமா?

தாராளமாக வையுங்கள், பலகையில் நேராக மட்டும் வைக்க வேண்டாம். அகல் விளக்கின் அடி நன்றாகச் சுடும். பலகையில் பாதி பிளாஸ்டிக். அந்த இடத்தில் வட்டமாக ஒரு பளபளப்பு விழும், மறுபடி மறையாது. சிந்திய நல்லெண்ணெய் உறையில்லாத பலகையில் ஊறிக் கறுக்கும். சிந்தியவுடன் துணியால் ஒற்றி, சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட வேண்டும், காலை வரை விடக் கூடாது. எதிர்வீட்டாரிடமும் சொல்லுங்கள்: புல்லும் மெழுகுதிரியும் ஒன்றாக இருக்கும் இடத்தில் சின்ன மின்விளக்குச் சரமே நல்லது.

என் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். பழைய ஓட்டுத் துண்டுகளை உள்ளங்கை அளவுக்கு உடைத்து, முனையைத் தேய்த்து, ஒரு பெட்டியில் வைத்திருக்கிறோம். கார்த்திகை அன்று பிள்ளைகள் முதலில் ஓட்டுத் துண்டை வரிசையாகப் பரப்புவார்கள், அதன்மேல் அகல். காற்று வந்தால் அகல் நகராமல் இருக்க ஓட்டின் குழிவான பக்கம் மேலே பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு வேண்டுமானால், ஓடு மாற்றுகிற எந்த வீட்டிலும் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள்.